ஸ்டிக்கர் போச்சு, பசை போகலை: வண்டி பெயிண்டில் எதைத் தேய்ப்பது?

மேலூர்ப் பக்கம் ஒருவரிடமிருந்து என் மச்சான் ஒரு டி போர்டு வாடகைக் காரை வாங்கி, சொந்த உபயோகத்துக்கு ஓன் போர்டாக மாற்றினார். மஞ்சள் நம்பர் பிளேட் போய் வெள்ளை வந்தது. கதவில் இருந்த டிராவல்ஸ் பெயரையும் பின்னால் இருந்த 'டூரிஸ்ட்' எழுத்தையும் நகத்தால் கிள்ளிக் கிள்ளியே உரித்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெயர் திரும்பி வந்திருக்கிறது! போனது ஸ்டிக்கர் மட்டும்தான். பசை அப்படியே கதவில் உட்கார்ந்து, ரிங் ரோட்டுப் புழுதியை எல்லாம் இழுத்துப் பிடித்து, அதே பெயரைக் கறுப்பில் எழுதிக் காட்டியது.

"பெட்ரோலை நனைச்சுத் துடைங்க" என்றார் பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன். "தின்னர்ல ஒரு இழுப்பு, அவ்வளவுதான்" என்றார் பெயிண்டர். "தேங்காய் எண்ணெயைத் தடவி வைடா, தானா வரும்" என்றார் அத்தை. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வண்டியில், அவரவர் கறையில் செய்து பார்த்ததைச் சொன்னார்கள். மச்சான் வண்டிக்கு அதில் எது பொருந்தும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கேள்வி வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தேர்தல் முடிந்தால் கட்சி ஸ்டிக்கர், முகூர்த்த மாதம் முடிந்தால் கல்யாணக் காரில் பூ ஒட்டிய டபுள் சைடு டேப், ஆயுத பூஜை முடிந்தால் செலோடேப். சென்னையில் 2024 மே மாதம் போக்குவரத்துப் போலீஸ் தனியார் வண்டிகளின் ஸ்டிக்கர்களுக்கு எதிராக இறங்கியபோது, இங்கே மதுரையிலும் சிலர் முன்ஜாக்கிரதையாகச் சுரண்ட ஆரம்பித்ததைப் பார்த்தேன். சுரண்டியவர்களில் பாதிப் பேருக்குக் கறையோடு கீறலும் மிச்சம்.

## முதலில் பார்க்க வேண்டியவை

எல்லோரும் பசையைப் பார்த்துத்தான் மருந்து தேடுகிறோம். பசைக்கு அடியில் இருக்கும் பெயிண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பசை போகாவிட்டால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பெயிண்ட் போனால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பெயிண்ட் கம்பெனியில் அடித்ததா, வெளியில் அடித்ததா? கார் தொழிற்சாலையில் பெயிண்டை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து இறுக்குகிறார்கள். அது அவ்வளவு சுலபமாகக் கரையாது. பட்டறையில் அடித்த பெயிண்டுக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. சின்னப் பட்டறைகளில் வெயிலில் காய்வதோடு சரி. டி போர்டு வண்டி, ஆட்டோ, வேன் என்றால் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழ் வாங்க, போகும் முன் ஒரு கை பெயிண்ட் அடித்திருப்பார்கள். அந்த 'எஃப்.சி. பெயிண்ட்' மேலே பளபளப்பாக இருக்கும். தின்னர் பட்டால் துணியோடு வந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: கதவு ஓரத்து ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். ரப்பரிலோ கீலிலோ வண்டி நிறத்தில் தூறல் தெரிந்தால் அந்தப் பேனல் வெளியில் அடித்தது. காலை வெயிலில் சாய்வாகப் பார்த்தாலும் ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நிறம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

பசை பிசுபிசுவென்று இருக்கிறதா, சுவர்ப் பூச்சு மாதிரி இறுகிவிட்டதா? கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் ஒட்டினால் இன்னும் உயிர் இருக்கிறது, எண்ணெயே போதும். மஞ்சளாகி, வெடித்து, நகம் பட்டால் கிறீச்சிட்டால் அது வருஷக்கணக்காக வெயில் குடித்த பசை. சூரிய ஒளியும் சூடும் பசையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிவிடும். அதற்குப் பிறகு கரைப்பான் ஊற்றினாலும் முழுதாகக் கரையாது; ஊறி உப்பும், அவ்வளவுதான். உப்பியதை நாம்தான் தள்ளி எடுக்க வேண்டும். தடவியதும் துடைத்துவிட்டு "ஒன்றும் ஆகலை" என்று சொல்பவர்கள் தவற விடுவது இந்த ஊறும் நேரத்தைத்தான்.

தப்பினால் என்ன செலவு? மருந்தின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கார் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். பிரிண்ட் எடுக்கும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனத்தில் பாதிதான் அது. அதைத் தாண்டிவிட்டால் பேனலுக்குப் பெயிண்ட். சில ஆயிரம் ரூபாய் போவதோடு, புது நிறம் பழைய நிறத்தோடு ஒட்டாமல் நிற்கும் எரிச்சலும் சேரும்.

பைக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டேங்கில் கம்பெனியே ஒட்டிய ஸ்டிக்கருக்கு மேல் பல நேரம் கிளியர் அடித்திருக்கும். ஓரத்தில் நகம் வைத்தால் விளிம்பு தட்டுப்படவில்லை என்றால் அது கிளியருக்கு அடியில் இருக்கிறது. அதைத் தோண்ட வேண்டாம்.

## வெயிலும் ஹேர் டிரையரும்

ஸ்டிக்கர் இன்னும் உரியாமல் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. சூடு பட்டால் வினைல் இளகும், பசை பிடி தளரும். சித்திரை வெயிலில் காலை 11 மணிக்கு அரை மணி நேரம் நிறுத்தினால் மதுரையில் ஹேர் டிரையர்கூடத் தேவையில்லை. பேனலில் கை வைக்க முடியாது. ஒரு மூலையைத் தூக்கி, தன்மேலேயே மடங்கி வருகிற மாதிரி, மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மேல் தாள் மட்டும் வந்து பசை தங்கிவிடும். மச்சான் செய்தது இதைத்தான், அதுவும் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய கையோடு, பேனல் ஜில்லென்று இருக்கும்போது.

ஸ்டிக்கர் போய்ப் பசை மட்டும் மிஞ்சியிருந்தால் சூட்டால் பெரிய பலன் இல்லை. பிசுபிசுப் பசை இன்னும் இளகிப் பரவும். இறுகிய பசை அசையாது.

மறைந்திருக்கும் செலவு ஹீட் கன்னில் இருக்கிறது. பட்டறையில் வைத்திருக்கும் அந்த மெஷினில் சில 500 டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக் பம்பர் நெளிந்துவிடும், வெளியில் அடித்த பெயிண்ட் கொப்பளிக்கும். தெரிந்த கை இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

## தேங்காய் எண்ணெய், தைலம்

அத்தை சொன்னதை நான் முதலில் கிண்டல் செய்தேன். பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டேன். எண்ணெய் பசைக்குள் ஊறி அதன் பிடிப்பைக் குறைக்கும். பெயிண்டை ஒன்றும் செய்யாது. புதுப் பசை, செலோடேப் கறை, கல்யாண வண்டியின் டேப் கறை, இதெல்லாம் தேங்காய் எண்ணெயிலேயே போகும். தடவி, மேலே பாலிதீன் கவரை ஒட்டி, அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். வெறும் விரலால் உருட்டினாலே திரிதிரியாக வரும்.

அதைவிட ஒரு படி மேல் யூகலிப்டஸ் தைலம். கொடைக்கானல் போய் வந்த வீடுகளில் ஒரு பாட்டில் எப்படியும் பீரோவுக்குள் கிடக்கும். வாங்கியபோது இருந்த ஆர்வத்தில் பாதிகூடப் பிறகு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தைலம் எண்ணெய் மாதிரி ஊறவும் செய்யும், கரைப்பான் மாதிரி கரைக்கவும் செய்யும். பஞ்சில் நனைத்து வைத்து, பாலிதீனால் மூடி, 10 நிமிடம். இறுகிய பசைக்கு இரண்டு மூன்று தடவை. வீரியம் உள்ளது என்பதால் வெளியில் அடித்த பெயிண்டில் மட்டும் ஒரு மறைவான மூலையில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

இதன் செலவு பொறுமையும் பின்வேலையும். எண்ணெய் தங்கினால் அடுத்த நாளே புழுதி ஏறி முன்னைவிடக் கறுப்பாகும். எம்ப்ளம் இடுக்கிலும் கதவில் ஒட்டியிருக்கும் பீடிங் பட்டை இடுக்கிலும் புகுந்த எண்ணெய் வெயிலில் ஒழுகிக் கோடு போடும். ஷாம்பு போட்டுக் கழுவி, மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒரு முறை துடைத்தால்தான் வேலை முடிந்தது. அதே இடத்தில் புது ஸ்டிக்கர் ஒட்டப் போகிறீர்கள் என்றால் இந்த ஸ்பிரிட் துடைப்பு கட்டாயம், இல்லையென்றால் ஒட்டாது.

## மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன்

பட்டறைகளில் அதிகம் புழங்குவது இந்த மூன்றும்தான். வேலையும் செய்யும். கம்பெனி பெயிண்டில் டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ சில நிமிடம் பட்டால் ஒன்றும் ஆகாது. தார் தெறித்த கறையும் கூடவே போகும் என்பது உபரி லாபம். ஆனால் ரேஷனில் மண்ணெண்ணெய் இப்போது எல்லா அட்டைக்கும் கிடைப்பதில்லை. பெயிண்ட் கடையில் டர்பன்டைன் வாங்குவதே எளிது.

பெட்ரோலை நான் ஒதுக்கிவிடுகிறேன். சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் ஊற நேரமே கொடுக்காது, அதனால் திரும்பத் திரும்ப ஊற்றுவோம், தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்கப் புழுதியும் சேர்ந்து அரைக்கும். ஹெட்லைட் மேல் பட்டால் அந்த பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு வரலாம். தீ அபாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் அவ்வளவு ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: மண்ணெண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளத் தேவையான சூடு ஏறத்தாழ 38 டிகிரி. மே மாத மதுரையில் 40 டிகிரி சாதாரணம். அதாவது மார்கழியில் சாதுவாக இருந்த மண்ணெண்ணெய் அக்னி நட்சத்திரத்தில் சாது இல்லை. திறந்த இடத்தில், நிழலில், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் செய்யுங்கள்; நனைத்த துணியைச் சுருட்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, நிறையப் பேர் குழம்புவது இதில்தான். ஸ்டிக்கரை உரிக்க வெயில் வேண்டும். பசையைக் கரைக்க நிழல் வேண்டும். சுடுகிற பேனலில் எந்தக் கரைப்பானும் ஊறுவதற்குள் பறந்துவிடும், கோடு கோடாகக் கறை விடும். போர்த் தண்ணீரும் அப்படியே. சூட்டில் காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும்.

## கடையில் விற்கும் ஸ்ப்ரே

பசை நீக்குவதற்கென்றே 3எம் போன்ற கம்பெனிகள் விற்கும் கிளீனர், தார் நீக்கும் ஸ்ப்ரே, வீட்டில் கதவு கீலுக்கு வாங்கி வைத்த டபிள்யூடி-40, இதெல்லாம் இந்த வகை. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன பெட்ரோலியக் கரைப்பான்களையே பெயிண்டுக்குப் பொருந்தும் அளவில் கலந்து கொடுக்கிறார்கள். நாம் காசு கொடுப்பது அந்த அளவுக்குத்தான். கம்பெனி பெயிண்டில் இறுகிய பசை, நிறைய இடம், நேரம் இல்லை என்றால் இது நியாயமான செலவு. ஒரே ஒரு சின்ன ஸ்டிக்கருக்கு முழு டின் வாங்குவது வீண். டபிள்யூடி-40 எண்ணெய்ப் படலம் விடும், தைலத்துக்குச் சொன்ன அதே பின்வேலை இதற்கும் உண்டு.

## தின்னர்

என் பழைய ஸ்கூட்டரின் மட்கார்டில் ஒரு ஸ்டிக்கர் கறையைத் தின்னரால் துடைத்தேன். கறை போனது. துணியைப் பார்த்தால் நீலம். மட்கார்டு எனக்கு முன்பே யாரோ பெயிண்ட் அடித்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பளபளப்பு போய், தேய்த்த வட்டம் மட்டும் சாக்பீஸ் தடவிய மாதிரி நின்றது. வண்டியை விற்கும் வரை அந்த வட்டம் போகவில்லை.

பெயிண்டர் அதே தின்னரை நம் கண் முன்னாலேயே போடுகிறாரே என்றால், அவருக்கு எந்த பெயிண்டில் எந்தத் தின்னர், எத்தனை வினாடி என்பது கையில் இருக்கிறது. தப்பினாலும் கையிலேயே ஸ்ப்ரே கன் இருக்கிறது! நமக்கு இரண்டும் இல்லை. கண்ணாடியில் ஒட்டிய கறைக்குத் தின்னர் போடலாம், ஓரத்து ரப்பரில் படாமல். பெயிண்டில் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரும் இதே ஜாதிதான்.

## டிரில்லில் மாட்டும் ரப்பர் வீல்

பெரிய அழிரப்பர் மாதிரி ஒரு வட்டு. டிரில்லில் மாட்டிச் சுற்றினால் பசை உருண்டு உருண்டு உதிரும். சைடு பீடிங், எம்ப்ளம், ஜன்னலுக்கு மேல் மழை மறைக்கும் டோர் வைசர் ஆகியவற்றை ஒட்டியிருந்த தடித்த ஃபோம் டேப் இறுகிப்போனால் இதுதான் ராஜா. அங்கே எண்ணெய் தோற்றுவிடும். ஸ்ப்ரே பாதி வேலைதான் செய்யும். கம்பெனி பெயிண்ட் அடித்த தகரப் பேனலில், வீலை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் பிரச்சினை இல்லை.

நிறுத்தினால் பிரச்சினை. உராய்வுச் சூடு ஒரே இடத்தில் ஏறி கிளியர் வெந்துவிடும். இந்த வீல்களில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 4000 சுற்றுக்குள் என்று போட்டிருப்பார்கள். வீட்டு டிரில் அதற்குள் அடங்கும். டைல்ஸ் வெட்டும் கிரைண்டர் 10,000 சுற்றைத் தாண்டும். அதில் மாட்டுவதற்கு வாகாக இருக்கிறதே என்று மாட்டிவிடாதீர்கள். பம்பர், எஃப்.சி. பெயிண்ட், பைக் டேங்க் வளைவு மூன்றிலும் இது வேண்டாம். வீலின் விலை சில நூறு ரூபாய்தான். டிரில் இல்லாதவர் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

## பட்டறையில் கொடுத்துவிடுவது

வண்டி முழுக்க ஸ்டிக்கர், அல்லது பாதிப் பேனல் எஃப்.சி. பெயிண்ட் என்றால் நாமே கையை வைப்பதைவிட இது மேல். ஆனால் கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள்: எதைப் போட்டு எடுப்பீர்கள், காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) போடுவீர்களா, கையாலா மெஷினாலா? ஸ்டிக்கர் பசையோடு சேர்த்துக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த 50 மைக்ரானில் கொஞ்சம் போகிறது. பசையை முழுக்கக் கரைத்து எடுத்த பிறகுதான் பாலிஷ் என்று சொல்லிக் கொடுப்பது நல்லது. தரையில் கிடந்த பனியன் வேஸ்டால் துடைத்தால் அதில் ஒட்டிய இரும்புத் தூள் கீறும். நல்ல துணியை நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கறைக்கு | கம்பெனி பெயிண்ட் | வெளியில் அடித்த பெயிண்ட் | பிறகு தெரியும் செலவு |
|---|---|---|---|---|
| வெயில், ஹேர் டிரையர் | உரியாத ஸ்டிக்கர் | சரி | மிதமான சூடு மட்டும் | அவசரப்பட்டால் பசை தங்கும் |
| தேங்காய் எண்ணெய் | பிசுபிசுப் பசை | சரி | சரி | நேரம், ஷாம்பு, ஸ்பிரிட் |
| யூகலிப்டஸ் தைலம் | ஓரளவு இறுகியது | சரி | சோதித்துவிட்டு | மேலே உள்ளதே |
| டர்பன்டைன், மண்ணெண்ணெய் | இறுகியது, தார் | சில நிமிடம் | வேண்டாம் | தீ, நாற்றம் |
| கடை ஸ்ப்ரே | இறுகியது, நிறைய இடம் | சரி | சோதித்துவிட்டு | டின் விலை |
| தின்னர் | கண்ணாடி மட்டும் | வேண்டாம் | வேண்டவே வேண்டாம் | பேனல் பெயிண்ட் |
| ரப்பர் வீல் | தடித்த ஃபோம் டேப் | கவனமாக | வேண்டாம் | வெந்த கிளியர் |

சுரண்ட என்ன என்று கேட்பவர்களுக்கு: காலாவதியான ஏ.டி.எம். கார்டு. பிளேடு கண்ணாடிக்கு மட்டும், அதுவும் சோப்புத் தண்ணீர் விட்டு. பின்கண்ணாடியில் ஜல்லிக்கட்டுக் காளை ஒட்டியிருப்பவர்கள் கண்ணாடியின் உள்பக்கம் பிளேடு வைக்காதீர்கள். பனி நீக்கும் கம்பிக் கோடுகள் அங்கேதான் ஓடுகின்றன.

## மச்சான் வண்டிக்கு என்ன செய்தோம்

ரப்பரைத் தூக்கிப் பார்த்தோம். இடது பின்கதவும் பம்பரும் வெளியில் அடித்தவை, மற்றது கம்பெனி பெயிண்ட். மூன்று கதவுக்குத் தைலம். வண்டியை வேப்பமரத்து நிழலில் போட்டு, பஞ்சும் பாலிதீனுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போயிற்று. தெருவே சளி பிடித்த வீடு மாதிரி மணந்தது. இடது கதவுக்கும் பம்பருக்கும் அத்தையின் தேங்காய் எண்ணெய், இரண்டு நாள் இடைவெளியில் மூன்று தடவை. ஒரு டோர் வைசரின் ஃபோம் டேப் மட்டும் எதற்கும் அசையாமல் இருந்தது. அது கம்பெனி பெயிண்டில் இருந்ததால் ரப்பர் வீலை இரவல் வாங்கிப் பத்து நிமிடத்தில் எடுத்தோம். தின்னர் டப்பாவைத் திறக்கவே இல்லை. பெயிண்டருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பசை போன பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. இத்தனை வருஷம் ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாமல் இருந்த பெயிண்ட் சுற்றியுள்ள பெயிண்டைவிடக் கொஞ்சம் புதுசாக இருக்கும். இது கறை இல்லை. எந்த மருந்துக்கும் போகாது. சிவப்பு, நீலம் மாதிரியான நிறங்களில் இன்னும் எடுப்பாகத் தெரியும். சுற்றியுள்ள இடத்தை லேசாகப் பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும், முழுதாக மறையாது. மீதியை வெயில்தான் சமன் செய்ய வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

போன வாரம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரை ஏற்றிக்கொள்ள மச்சான் காத்திருந்திருக்கிறார். சாயங்கால வெயில் கதவில் சாய்வாக விழுந்த நேரம். பெட்டியோடு வந்த ஒரு குடும்பம் கதவை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டதாம்: "அண்ணே, கொடைக்கானலுக்கு எவ்வளவு?"